இடது கையால் திறக்கும் கதவு

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளிடம் நாலு வார்த்தை பேசுங்கள் என்று கடையில் கேட்டார்கள். எழுந்து நின்று பேசுவது எனக்கு வராது. வீட்டில் உட்கார்ந்து எழுதித் தருகிறேன், அவர்களே படித்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டேன். ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன எழுத்து இது. அங்கங்கே கோணல் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காட்டூரில் இருக்கும் நம் கண்ணாடிக் கதவுக் கடையில் சேர்ந்தபோது எனக்குக் கண்ணாடி துடைக்கிற வேலை மட்டும்தான். பிறகு சட்டத்தைச் சுற்றி இடுக்கை அடைக்கிற சிலிக்கோன் பசை பூசப் பழகினேன். கடைசியில் பல வருடங்கள் வீடுகளுக்குப் போய்க் கேட்டுவரும் வேலையைப் பார்த்தேன். அளவு எடுக்கிறவர்கள் போவதற்கு முன்னால் நான் போய் உட்கார்ந்து, இந்தக் கதவு யாருக்கு, எதற்கு, எந்நேரம் திறந்திருக்கும் என்று கேட்டுக்கொண்டு வரவேண்டும். வீட்டுப் பெண்கள் ஆண்களிடம் சொல்லாததை என்னிடம் சொல்வார்கள் என்று முதலாளி நினைத்தார். நான் அதிகம் பேசாதவள் என்பதும் ஒரு காரணமாக இருந்திருக்கும். எதிரே இருக்கிறவர் சும்மா இருந்தால், பேசுகிறவர் தானாக இன்னும் கொஞ்சம் பேசுவார்.

ரோலர், ட்ராக், ரப்பர் இதையெல்லாம் செல்வராசு உங்களுக்குச் சொல்லிக்கொடுப்பார். அவரைவிடக் கதவு மாட்டத் தெரிந்தவர் நம் கடையில் இல்லை. நான் சொல்லக்கூடியது கேட்கிற வேலையைப் பற்றித்தான். கொசுவலை வேண்டுமா என்று எல்லோரும் கேட்பார்கள். ஸ்ரீரங்கம் என்றால் குரங்கு வருமா என்றும் கேட்க வேண்டும். ஒரு வீட்டில் குரங்கு கதவை நகர்த்தி உள்ளே வந்து ஒரு சீப்பு வாழைப்பழத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டது. அந்த அம்மா கடைக்கே சண்டைக்கு வந்துவிட்டார்.

"குரங்குக்குத் திறக்கத் தெரியும்னு நீங்க ஏன் முன்னாடியே சொல்லல?"

"அதுக்கு நாங்க திறந்து காட்டலைம்மா. நீங்க திறக்கிறதைப் பாத்து அதுவா கத்துக்கிட்டிருக்கு" என்றார் செல்வராசு.

அதிலிருந்து ஸ்ரீரங்கத்து வீடுகளுக்குக் கீழே ஒரு தாழ்ப்பாள் சேர்த்தே சொல்லிவிடுவோம். இப்படிச் சின்னச் சின்னதாக நிறைய உண்டு. எல்லாவற்றையும் எழுதினால் நீங்கள் தூங்கிவிடுவீர்கள். ஒரே ஒரு வீட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

கொள்ளிடத்துப் பக்கம் புதிதாகக் கட்டிய வீடு. வீட்டுக்காரர் பெயர் முரளி, மனைவி கோமதி. இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். வீட்டின் பின்பக்கம் கிழக்குப் பார்த்த ஒரு அறை. அதற்கு வெளியே கல் பாவிய முற்றம், அதைத் தாண்டி செடி வைக்கக் கொஞ்சம் மண். அறைக்கும் முற்றத்துக்கும் நடுவில் கண்ணாடி ஸ்லைடிங் கதவு வேண்டும் என்றார்கள். முரளிக்குச் சுவர் முழுவதும் கண்ணாடியாக வேண்டும். "பாக்க கிராண்டா இருக்கணும்மா" என்றார்.

"அந்த ரூம் யாருக்குங்க?" என்று கேட்டேன்.

முரளி கோமதியைப் பார்த்தார். கோமதிதான் சொன்னார். முரளியின் அப்பாவுக்கு. அவர் லால்குடி பக்கம் விவசாயம் பார்த்தவர். வாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. லால்குடியில் மகள் வீட்டில் இருக்கிறார். சக்கர நாற்காலியை இடது கையாலும் இடது காலாலும் தள்ளிக்கொள்வார். இங்கே வந்து இருங்கள் என்று இவர்கள் கூப்பிடாத நாள் இல்லை. அவர் பிடிகொடுக்கவில்லை. அவருக்காகத்தான் அந்த அறையையே கட்டியிருக்கிறார்கள்.

அப்படியென்றால் நான் பேச வேண்டியது அவரிடம் அல்லவா? மறுநாள் லால்குடிக்கு பஸ் ஏறினேன்.

பெரியவர் மகள் வீட்டு வாசலில் நாற்காலியில் இருந்தார். நல்ல உயரமான மனிதர்.

"நீங்கதான் கதவு போடுற அம்மாவா?"

"ஆமாங்க."

"உங்க கதவு தள்ளுறதா, இழுக்கிறதா?"

"பக்கவாட்டுல நகர்றதுங்க."

"ஒரு கையால நகருமா?"

"எந்தக் கைங்க?"

இடது கையைத் தூக்கிக் காட்டினார். "இது ஒண்ணுதான் இன்னும் நான் சொல்றதைக் கேக்குது."

நான் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டேன். அவரே மேலே பேசினார்.

"இங்க குறை ஒண்ணும் இல்ல. என் பொண்ணும் மாப்பிள்ளையும் தங்கமா பாத்துக்கிறாங்க. ஆனா காலையில என்னைத் தூக்கி வெயில்ல வைக்கிறாங்க. சூடு ஏறினதும் தூக்கி உள்ள வைக்கிறாங்க. நான் என்ன வடகமா?"

உள்ளேயிருந்து மகளின் குரல் வந்தது. "வடகம் இவ்வளவு பேசாதுப்பா!"

பெரியவர் சிரித்தார். பிறகு என் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"பையன்கிட்ட சொல்லிடுங்க. யாரையும் கூப்பிடாம நானே வெளிய போகணும், நானே உள்ள வரணும். அது நடந்தா அங்கேயே இருந்துடறேன். வர்ற அன்னைக்கே என்னைத் தூக்குற மாதிரி ஆச்சுன்னா, வந்த வண்டியிலேயே திரும்பிடுவேன். அப்புறம் யாரும் கூப்பிடக் கூடாது."

விளையாட்டுக்குச் சொல்கிற முகம் இல்லை அது. திரும்பி வரும்போது பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். நாம் செய்வது ஒரு கதவுதான், ஆனால் இந்த வீட்டில் அந்தக் கதவை நம்பி ஒரு மனிதர் வருகிறார்.

முரளியிடம் வந்து சொன்னேன். சுவர் முழுவதும் வேண்டாம், கண்ணாடி பெரிதாகப் பெரிதாகக் கனம் கூடும். இரண்டே கண்ணாடிப் பலகை போதும், ஒன்று நிற்கட்டும், ஒன்று நகரட்டும் என்றேன். முரளிக்கு மனசு இல்லை. கோமதி, "மாமா கைக்கு எது லேசோ அது போடுங்கக்கா" என்று முடித்துவிட்டார். கடையில் போட்ட படத்தில் கைப்பிடி வழக்கம்போல வலது ஓரத்தில் இருந்தது. அதை இடது ஓரத்துக்கு மாற்றச் சொன்னேன். சாதாரணமாகக் கதவு ஓடுகிற ட்ராக் தரைக்கு மேலே ஒரு விரல் உயரத்துக்கு நிற்கும். நாற்காலியின் சின்னச் சக்கரம் அதில் முட்டிக்கொள்ளும். அதனால் தரையில் நீளமாகப் பள்ளம் வெட்டி, ட்ராக்கை அதற்குள் இறக்கி, தரையோடு தரையாக வைத்தோம். உள்ளே போகிற தண்ணீர் வெளிப்பக்கம் வழிய ஓட்டையும் விட்டோம்.

கதவு மாட்டி முடித்த அன்று நான் ஒரு சக்கர நாற்காலியை வரவழைத்து அதில் உட்கார்ந்தேன். வலது கையை முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு இடது கையால் கதவை நகர்த்தினேன். வெண்ணெய் மாதிரி போனது. வெளியே போய், திரும்பி, உள்ளே வந்து, மறுபடி வெளியே போனேன்.

"அக்கா, இறங்குங்க. டிக்கெட் வாங்கிட்டு நான் ரொம்ப நேரமா நிக்கிறேன்" என்றார் செல்வராசு.

இரண்டு வாரம் கழித்து கிரகப்பிரவேசம். வேலை செய்தவர்கள் எல்லோரையும் கூப்பிட்டு வேட்டி, புடவை கொடுத்து மரியாதை செய்தார்கள். செல்வராசு புது வேட்டியிலும், நான் அவர்கள் கொடுத்த புடவையைக் கையில் வைத்துக்கொண்டும் ஓரமாக நின்றோம். விடியற்காலையிலேயே ஹோமம் முடிந்திருந்தது. புகை அடங்கட்டும் என்று, பெரியவரை மாப்பிள்ளை காரில் அழைத்துக்கொண்டு டிபன் நேரத்துக்கு மேல் வருவார் என்றார்கள். வீடு முழுக்கப் புகை. யாரோ, "அந்தப் பின்கதவைத் திறங்கப்பா, கண்ணு எரியுது" என்றார்கள்.

முரளி போய்க் கதவை நகர்த்தினார். ஒரு சாண் போனது. அதற்கு மேல் போகவில்லை.

இழுத்துப் பார்த்தார். திரும்ப மூடவும் வரவில்லை. அதற்குள் நாலைந்து பேர் சேர்ந்துவிட்டார்கள். பெரியவரின் தம்பி, முரளிக்குச் சித்தப்பா, எல்லோருக்கும் முன்னால் வந்து நின்றார்.

"புது வீட்டுல நாம குடி வந்துட்டோம். கதவுதான் வரமாட்டேங்குது போல. எல்லாரும் ஒரு கை போடுங்கப்பா!"

எல்லோரும் கை போட்டார்கள். கதவு முனகியது. ஒரு அம்மா சமையல்கட்டிலிருந்து தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து ட்ராக்கில் ஊற்றப் போனார். சித்தப்பா எங்கிருந்தோ ஒரு கடப்பாரையைக் கொண்டுவந்துவிட்டார். கொத்தனார்கள் விட்டுப்போனது போல. "கீழ குடுத்து லேசா ஒரு நெம்பு நெம்பினா நகந்துடும்" என்று குனிந்தார். அவர் காலடியில் மூன்று சின்னப் பிள்ளைகள் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தன.

"கையை எடுங்க!"

கத்தியது நான்தான். அப்படி ஒரு சத்தம் எனக்குள் இருந்தது எனக்கே தெரியாது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் காது வரை சூடாகிவிட்டது. ஆனாலும் கதவுக்கும் கடப்பாரைக்கும் நடுவில் போய் நின்றுகொண்டேன்.

"கோவிச்சுக்காதீங்க ஐயா. இந்தக் கண்ணாடிக்கு நடுவுல குத்தினாலும் தாங்கும். ஓரத்துல இரும்பு பட்டா மொத்தமும் பொடியா கொட்டிடும். பிள்ளைங்க உக்காந்திருக்கு."

சித்தப்பா கடப்பாரையைக் கீழே வைத்தார். வைக்கும்போது, "கதவு போட்டவங்களே தள்ளக் கூடாதுங்கிறாங்க. அப்ப பாக்க மட்டும்தான் போல" என்று சொல்லிவிட்டுத்தான் வைத்தார்.

இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி சிக்கிக்கொண்டால் முதல் வேலை எல்லோருடைய கையையும் அதன்மேலிருந்து எடுக்க வைப்பது. கோபித்துக்கொள்வார்கள், கேலி பேசுவார்கள். பேசட்டும்.

செல்வராசு புது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தரையில் குப்புறப் படுத்தார். கன்னத்தைத் தரையில் வைத்து ட்ராக்கை நெடுகப் பார்த்தார்.

"அக்கா, நடுவுல எழும்பி நிக்குது."

"லெவல் பாக்காமயே போட்டீங்களா?" என்றார் முரளி. வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். "அப்பா கிளம்பிட்டாரு. இன்னும் கொஞ்ச நேரத்துல வந்து நிப்பாரு. அவர்கிட்ட என்னம்மா சொல்றது?"

செல்வராசின் முகம் சுருங்கிவிட்டது. மாட்டிய அன்று ரசமட்டம் வைத்து நாங்கள் இரண்டு பேரும் பார்த்தோம், அது எனக்குத் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் அதைச் சொல்லி என்ன பயன்? அன்றைக்கு நகர்ந்தது, இன்றைக்கு நகரவில்லை. இரண்டு நாளுக்கும் நடுவில் என்ன நடந்தது என்பதுதான் கேள்வி. கல் தூக்கியிருக்குமா, சிமெண்ட் உப்பியிருக்குமா என்று நான் குழம்பிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் கோமதியைப் பார்த்தேன். வீட்டில் அத்தனை பேரும் கதவையும் கைப்பிடியையும் பார்த்துக்கொண்டிருக்க, கோமதி மட்டும் ட்ராக்கின் நடுவில் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். கையில் இருந்த தாம்பாளத்தைக் கீழே வைக்கக்கூட இல்லை.

"குடிக்கத் தண்ணி வேணும் கோமதி" என்று சமையல்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். தண்ணீர் கொடுத்தார், குடித்தேன். நான் ஒன்றும் கேட்கவில்லை.

"நவதானியம்க்கா" என்றார் கோமதி.

எனக்குப் புரியவில்லை.

"மாமா குடுத்தனுப்பினாரு. தலைவாசலுக்கு நிலை வைக்கிறப்போ நவதானியம், காசெல்லாம் போட்டு பூஜை பண்ணோம் இல்ல? அதைக் கேட்டுட்டு, 'அது உங்க வாசல். நான் போய்வர்றது பின்வாசல். எனக்கு அதான் வாசல், அதுக்கும் அடியில போடும்மா'ன்னு சொன்னாரு. அவர் வயல்ல விளைஞ்சது. இவர்கிட்ட கேட்டேன். அலுமினியத்துக்கெல்லாமா பூஜை போடுவாங்க, கேட்டா சிரிப்பாங்கன்னாரு. அதான் யாருக்கும் சொல்லாம, நீங்க பள்ளம் வெட்டி வச்சிருந்தப்போ மஞ்சத்துணியில முடிஞ்சு நடுவுல வச்சுட்டேன். செல்வராசு அண்ணன்கிட்ட நடுவுல மட்டும் ட்ரில் போடாதீங்கன்னு சொன்னேன். அவர் ஏன்னு கேக்கல."

வயர் ஏதாவது போகிறது என்று செல்வராசு நினைத்திருக்கிறார். நடுவில் திருகு போடாமல் இரண்டு பக்கமும் போட்டு முடித்துவிட்டார்.

"தண்ணி பட்டுச்சா?"

"தரை பாலிஷ் போட்டவங்க ஒரு வாரமா டியூப்ல தண்ணி விட்டாங்க. நேத்தும் வீடு பூரா கழுவினோம்."

கொண்டைக்கடலையும் மொச்சையும் ஊறினால் எத்தனை பெரிதாகும் என்று நமக்குத் தெரியாதா? தினமும் ஊறப்போடுகிறவர்கள்தானே நாம். திருகு இல்லாத இடமாகப் பார்த்து அது ட்ராக்கை மேலே தூக்கியிருக்கிறது.

"இவர்கிட்ட சொல்லிடாதீங்கக்கா. அத்தனை பேர் முன்னாடி..." கோமதிக்குக் கண் கலங்கிவிட்டது. "மாமா திரும்பிப் போயிட்டா, நான் வச்சதாலதான் போனாருன்னு ஆயிடும்."

வெளியே வந்தேன். செல்வராசிடம் மட்டும் காதோடு சொன்னேன். அவர் தலையாட்டினார். முரளியிடம், "அடியில ஈரம் தங்கி ஊறியிருக்குங்க, அதான் தூக்குது. சரி பண்ணிடலாம்" என்றேன். அதில் பொய் இல்லை. மீதியைச் சொல்ல வேண்டியவர் கோமதி, நான் இல்லை.

சித்தப்பா ஒரு வழி சொன்னார். "இன்னைக்கு ஒரு நாள்தானே. அண்ணனை நாலு பேரா தூக்கி, முன்பக்கமா சுத்தி முற்றத்துல கொண்டுபோய் வச்சுடுவோம். நாளைக்கு ஆற அமர கதவைப் பாருங்க."

முரளிக்கும் அது சரியென்று பட்டது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு லால்குடியில் அந்தப் பெரியவர் குனிந்து சொன்ன முகம் கண்ணுக்குள் நின்றது. அதே சமயம், விருந்துக்கு வந்த கூட்டத்துக்கு நடுவில், அவசரத்தில், அந்தக் கனமான பலகையைக் கழற்றுவதும் விளையாட்டு இல்லை. கை தவறினால் கதவு போவது மட்டும் இல்லை, யாருக்காவது காயம் பட்டுவிடும். கிரகப்பிரவேச வீட்டில் ரத்தம் சிந்தலாமா?

"அக்கா, கழட்டலாமா வேணாமா? நீங்க சொல்லுங்க" என்றார் செல்வராசு.

"கழட்டலாம். ஆனா அவசரப்பட வேணாம். அவர் வந்து நின்னாலும் அவசரப்பட வேணாம்."

அறையைக் காலி செய்யச் சொன்னேன். பிள்ளைகளை முன்பக்கம் அனுப்பி, பந்தியை உடனே ஆரம்பிக்கும்படி கோமதியிடம் சொன்னேன். சாம்பார் வாசனைக்குக் கூட்டம் தானாக நகர்ந்துவிட்டது. காட்டூர்க் கடைக்குப் போன் போட்டோம். கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும் கைப்பிடிகளையும் கருவிகளையும் எடுத்துக்கொண்டு இன்னொரு ஃபிட்டர் வண்டியில் வந்தார். இரண்டு பேருமாகப் பலகையைத் தூக்கி இறக்கி, துணி விரித்துச் சுவரோரம் சாய்த்தார்கள். அது இறங்கும் வரை நான் அறை வாசலில் நின்று யாரையும் உள்ளே விடவில்லை.

ட்ராக்கின் பக்கத்துத் திருகுகளைக் கழற்றிக்கொண்டிருந்தபோது வாசலில் கார் சத்தம் கேட்டது.

மாப்பிள்ளை நாற்காலியை இறக்கிக் கொடுக்க, பெரியவர் வாசலில் போட்டிருந்த சரிவில் தானே உருட்டிக்கொண்டு நேராகப் பின்னறைக்கு வந்தார். கதவு இருக்க வேண்டிய இடத்தில் பாதி கழற்றிய ட்ராக்கும், குப்புறப் படுத்திருக்கும் செல்வராசும்தான் இருந்தார்கள்.

"கதவு எங்க?"

"சின்ன வேலைப்பா" என்றார் முரளி. "இன்னைக்கு மட்டும் நாங்க தூக்கி..."

பெரியவர் மகனைப் பார்க்கவே இல்லை. "மாப்பிள்ளை, வண்டியை ஆஃப் பண்ணிட்டீங்களா?"

"பண்ணிட்டேன் மாமா."

"ஸ்டார்ட் பண்ணுங்க."

நாற்காலி திரும்ப ஆரம்பித்தது. அப்போது செல்வராசு ட்ராக்கின் நடுப்பாகத்தை மெல்லத் தூக்கினார். கீழே மஞ்சள் துணி முடிச்சு, முஷ்டி அளவுக்கு உப்பி இருந்தது. துணியைக் கிழித்துக்கொண்டு வெள்ளை வெள்ளையாக வேர்கள் வெளியே வந்திருந்தன.

கோமதி நாலு எட்டில் வந்து அதைக் கையில் எடுத்தார். எடுத்துக்கொண்டு போய் மாமனாருக்கு முன்னால் நின்றார்.

"மாமா, நீங்க குடுத்தது. நான்தான் அடியில வச்சேன். அது ஊறிக் கதவைத் தூக்கிடுச்சு. கதவு போட்டவங்க மேல தப்பு இல்ல."

முரளி, "நீ பூஜை போட்டியா? எப்ப?" என்றார்.

"நான் போடச் சொன்னேன்" என்றார் பெரியவர். "என் வாசலுக்கு நான் போடக் கூடாதா?" இடது கையை நீட்டினார். கோமதி முடிச்சை அந்தக் கையில் வைத்தார். அவர் அதை மடியில் வைத்து விரலால் பிரித்தார். ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்த்தார்.

"பயறு அத்தனையும் முளைச்சிருக்கு. கொள்ளு முளைச்சிருக்கு. துவரைதான் கொஞ்சம் அழுகிப்போச்சு." நிமிர்ந்தார். "இருட்டுக்குள்ள, கல்லுக்கு அடியில கிடந்து முளைச்சிருக்கும்மா."

சித்தப்பாவுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "அண்ணே, நீ குடுத்த விதையே உன்னை உள்ள வச்சுப் பூட்டிடுச்சு பாத்தியா?"

"பூட்டலடா, முளைச்சிருக்கு. உன் வயல்ல மருந்தடிச்சு, தண்ணி கட்டி, காவலுக்கு நின்னாலும் இந்த அளவுக்கு முளைச்சிருக்கா?"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். சித்தப்பாவும் சிரித்தார். முரளிதான் கடைசியில் சிரித்தார். பெரியவர் செல்வராசைப் பார்த்து, "எவ்வளவு நேரம் ஆகும் தம்பி?" என்று கேட்டார்.

"நீங்க சாப்பிட்டு எந்திரிக்கிறதுக்குள்ள முடிச்சிடறேங்க."

"மெதுவாவே பண்ணுங்க. நான் மெதுவாத்தான் சாப்பிடுவேன்." பிறகு கோமதியிடம், "முளைச்சதை மண்ணுல போட்டுடும்மா. எனக்கு இலை போடச் சொல்லு" என்றார்.

அன்றைக்கு நடந்த மீதியைச் சொல்லும் முன் உங்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். அதற்குப் பிறகு எந்த வீட்டில் தரையை வெட்டினாலும், ட்ராக்கை இறக்குவதற்கு முன்னால் அந்த வீட்டுப் பெண்களிடம் நான் கேட்டுவிடுவேன். "இதுக்கு அடியில எதாவது வைக்கணுமா? வெக்கப்படாம சொல்லுங்க." பாதிப் பேர் இல்லை என்பார்கள். மீதிப் பேர் கொஞ்ச நேரம் சுற்றிப் பார்த்துவிட்டு, யாரும் இல்லை என்று தெரிந்ததும் சொல்வார்கள். நாணயம், மஞ்சள், நவதானியம், ஒரு அம்மா தன் பிள்ளையின் முதல் கொலுசைக்கூடக் கொடுத்தார். தண்ணீர் படாத ஓரத்தில், சுவருக்குள் ஒரு சின்னக் குழி விட்டு, அதில் வைத்துப் பூசிவிடுவோம். கதவுக்கும் தொந்தரவு இல்லை, அவர்கள் மனசுக்கும் குறை இல்லை. அலுமினியக் கதவுதானே என்று நாம் நினைக்கிறோம். அதன் வழியாகப் போய்வருகிறவர்களுக்கு அது வாசல். யாராவது ஒரு இடத்தைக் காட்டி இங்கே துளை போடாதீர்கள் என்று சொன்னால், சரி என்று தலையாட்டுங்கள், ஆனால் ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கேட்கும்போது கூட்டத்தில் கேட்காதீர்கள்.

சாப்பாடு முடிவதற்குள் ட்ராக்கை அழுத்தி உட்காரவைத்து, நடுவிலும் திருகு போட்டு, ரசமட்டம் பார்த்து, பலகையை மாட்டிவிட்டார் செல்வராசு. நான் கைரேகையெல்லாம் போகக் கண்ணாடியைத் துடைத்தேன். பழைய வேலை, கை மறக்கவில்லை.

பெரியவர் வந்தார். அவருக்குப் பின்னால் வீடே வந்து நின்றது. முரளி அவசரமாகக் கைப்பிடிக்குக் கையை நீட்டினார். பெரியவர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். முரளி எடுத்துக்கொண்டார்.

இடது கை கைப்பிடியைப் பிடித்தது. முதல் தடவை பிடி வழுக்கியது. உதவிக்குப் போகக்கூடாது என்று என் இரண்டு கையையும் புடவைக்குள் பிடித்துக்கொண்டேன். இரண்டாவது தடவை உள்ளங்கையை வைத்து நகர்த்தினார். கதவு சத்தமில்லாமல் போனது, கடைசி வரைக்கும் போனது. இடது காலை ஊன்றித் தள்ளினார். நாற்காலி ஒரு குலுக்கலும் இல்லாமல் ட்ராக்கைத் தாண்டி முற்றத்துக் கல்லில் இறங்கியது. வெயில் அவர் தலையில் விழுந்தது.

யாரோ கை தட்டினார்கள். கோமதி துண்டை எடுத்துக்கொண்டு பின்னால் போகக் கிளம்பினார். மாப்பிள்ளை, "தலையில போட்டுக்கச் சொல்லும்மா" என்றார். சித்தப்பா போட்டோ எடுக்க போனைத் தூக்கினார். எல்லோரும் ஒரே நேரத்தில் அந்தக் கதவு வழியாக வெளியே போகப் பார்த்தார்கள்.

பெரியவர் நாற்காலியை மெல்லத் திருப்பினார். உள்ளே வரப்போகிறார் போல என்று எல்லோரும் வழிவிட்டு நின்றோம். அவர் வரவில்லை. வெளியிலிருந்து கைப்பிடியைப் பிடித்து, எங்கள் முகத்துக்கு நேராகக் கதவை நகர்த்தினார். நகர்த்தி, முழுவதும் சாத்திவிட்டார். பிறகு நாற்காலியைத் திருப்பிக்கொண்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி, செடி வைக்க விட்டிருந்த மண்ணைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார்.

"என்னடா இது, சாத்திட்டாரு?" என்றார் சித்தப்பா.

கோமதி துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். "இருக்கட்டும் சின்ன மாமா. வேணும்னா அவரே திறப்பாரு."

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நாங்கள் இருபது பேர் நின்றுகொண்டிருந்தோம். ஒருவரும் கைப்பிடியைத் தொடவில்லை.